கீனாய் நதியில் வழிகாட்டியோடு தூண்டில்: எந்த நாளுக்குப் பணம் கொடுக்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அலாஸ்காவின் கீனாய் நதி மேல்பகுதியில் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் ட்ரௌட் மீனுக்குத் தகும். சாக்கை சால்மனுக்கு ஒரு அரை நாள் போதும், அதுவும் ராடை (தூண்டில் கோலை) முதல்முறை தொடுபவருக்குத்தான். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று விற்கப்படும் பயணம் பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகக் காட்டும்.

கீனாய் ஏரியில் புறப்பட்டு குக் இன்லெட் கடலில் கலப்பது வரை நதியின் நீளம் 82 மைல், ஏறக்குறைய 132 கி.மீ. ஆங்கரேஜிலிருந்து நூறு மைல் தெற்கே, காரில் இரண்டு மணி நேரத்தில் கூப்பர் லேண்டிங் என்ற நதியோரச் சிற்றூர் வந்துவிடும். ஏரி வாயிலிருந்து ஸ்கிலாக் ஏரி வரையுள்ள 17 மைல்தான் மேல்பகுதி. இந்தத் துண்டில் ஓடும் தண்ணீரில் மோட்டாரை இயக்கக் கூடாது, துடுப்புதான். பனியாறுகள் அரைத்து அனுப்பும் பாறை மாவு கலந்து தண்ணீர் பச்சையும் நீலமுமாக மின்னும். படத்தில் அழகாக இருக்கும் இந்த நிறம் மீன் பிடிப்பவருக்கு ஒரு சிக்கல்: ஆழம் கூடிய இடத்தில் அடி தெரியாது. ஆழம் எது, கற்படுகை எது என்று மேற்பரப்பின் சுருக்கங்களை வைத்தே படிக்க வேண்டும். வழிகாட்டி விற்பதில் பாதி இந்தப் படிப்புதான்.

பயணம் எப்படி நடக்கிறது

நீரோட்டத்தோடு மிதந்து போகும், முன்னும் பின்னும் தூக்கிய ட்ரிஃப்ட் படகு ஒன்று. நடுவில் வழிகாட்டி துடுப்போடு உட்கார்ந்திருப்பார், முன்னால் இருவர், பின்னால் ஒருவரோ இருவரோ. அரை நாள் என்றால் நான்கைந்து மணி நேரம். கூப்பர் லேண்டிங்கில் படகைத் தண்ணீரில் இறக்கி ஸ்போர்ட்ஸ்மன்ஸ் லேண்டிங்கிலோ ஜிம்ஸ் லேண்டிங்கிலோ கரையேறிவிடுவார்கள். ஏரி வாயிலிருந்து ஜிம்ஸ் லேண்டிங் வரை சுமார் 12 மைல். முழு நாள் பயணம் அங்கே நிற்காமல் பள்ளத்தாக்குக்குள் நுழையும். வேகமும் அலையும் கூடிய தண்ணீர் அது. அதைத் தாண்டினால் ஸ்கிலாக் ஏரி. ஏரியில் மட்டும் படகின் பின்னால் மடக்கி வைத்திருக்கும் சிறு மோட்டாரை இறக்கி, கரைக்கு ஓட்டிப் போவார்கள். ஸ்கிலாக்கில் காற்று எழுந்தால் அலை படகைத் தூக்கிப் போடும். பிற்பகல் காற்றைக் காரணம் சொல்லி வழிகாட்டி பயணத்தைச் சுருக்கினால் சண்டை போடாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும்.

கட்டணம் பருவத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும். பொதுவாக அரை நாளுக்கு ஒருவருக்கு 200 டாலருக்கு மேல், முழு நாளுக்கு 300 முதல் 400 டாலர் என்று எடுத்துக்கொள்ளலாம். ராடு, ரீல், மார்புவரை வரும் நீர்புகா உடை, காலணி, முள், ஈயம் எல்லாம் அதில் அடங்கும். முழு நாளில் மதிய உணவும் உண்டு. உரிமச் சீட்டு அடங்காது. மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தில் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 16 வயதுக்குக் கீழே வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. டிப்ஸ் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் என்பது அங்குள்ள வழக்கம். இதைக் கணக்கில் சேர்க்காமல் வந்து, படகேறும் இடத்தில் கையைப் பிசைபவர்கள் ஏராளம்.

உங்கள் சொந்தக் காலணியைக் கொண்டு போவதாக இருந்தால் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகம் அலாஸ்கா நன்னீரில் 2012 முதல் தடை. நீர்நிலைக்கு நீர்நிலை ஒட்டுண்ணிகளையும் பாசியையும் சுமந்து போகிறது என்பதே காரணம். ரப்பர் அடியில் ஆணி பதித்தது சரி. ஆனால் ஆணிக் காலணியோடு படகேற சிலர் விடமாட்டார்கள், தரையைக் கீறும் என்பார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்த மாதம் என்பதில்தான் எல்லாமே

நல்ல வழிகாட்டியோடு தவறான வாரத்தில் போவதைவிட, சுமாரான வழிகாட்டியோடு சரியான வாரத்தில் போவது மேல். ட்ரௌட் முட்டையிடும் காலம் என்பதால் மே 2 முதல் ஜூன் 10 வரை மேல்பகுதியில் மீன்பிடிப்பு மூடியிருக்கும். ஜூன் 11 திறப்பு. அதே நாளில் ரஷ்யன் நதி கலக்கும் இடத்தில் சாக்கையின் முதல் அலைக்கும் கதவு திறக்கும். முட்டையிட்டு முடித்த ரெயின்போ ட்ரௌட் அப்போது மெலிந்து பசியோடிருக்கும். கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளையும் அடியில் ஊரும் சிறு மீன்களையும் துரத்தும். அட்டைப்பூச்சி போல அசையும் நீளமான ஃப்ளையை (முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலி) நீரோட்டத்துக்குக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பழைய முறைக்கு இதுதான் காலம். ஃப்ளை ஃபிஷிங் என்றதும் மனதில் வரும் காட்சி உங்களுக்கு வேண்டுமென்றால் ஜூன் பின்பாதியைக் கேளுங்கள். மீன் எண்ணிக்கை குறையும், கை நிறைவாக இருக்கும்.

ஜூலை நடுவிலிருந்து சாக்கையின் இரண்டாம் அலை. கடல்வாயிலிருந்து 19ஆவது மைலில் மீன்வளத் துறையின் சோனார் (ஒலியலைக் கருவி) ஒன்று மீன்களை எண்ணுகிறது. தினசரி எண்ணிக்கை இணையத்தில் வரும். 50,000ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. அந்த எண் குதித்தால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் மேல்பகுதியில் கூட்டம் தெரியும். மீனின் கூட்டம் மட்டுமல்ல, மனிதக் கூட்டமும். ரஷ்யன் நதி முகத்துவாரத்தில் ஜூலை 15 வரை மூடி வைத்திருக்கும் சரணாலயப் பகுதியும் அப்போது திறக்கும், அதனால் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். அமைதி தேடி வருபவர் ஜூலை கடைசி வார இறுதியைத் தேர்ந்தெடுத்தால் நதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஆட்டம் மாறும். மேலே ஏறிய சால்மன்கள் சரளைக் கற்படுகைகளில் சினை விடத் தொடங்கும். உருண்டு வரும் சினையைத் தின்ன ட்ரௌட்டும் அதன் உறவு மீனான டாலி வார்டனும் பின்னால் வரிசை கட்டும். ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் கடைசிவரைதான் கீனாய் ட்ரௌட்டுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த காலம். ஒன்றரை முதல் இரண்டு அடி நீளமுள்ள ரெயின்போ சகஜம். 30 அங்குலத்தைத் தொடுவதும் இந்தத் தண்ணீரில் நடக்காத காரியமில்லை. கோஹோ சால்மனும் இதே சமயத்தில் ஏறும். 2024, 2026 போல இரட்டைப்படை ஆண்டுகளில் பிங்க் சால்மன் கூட்டம் கூட்டமாக வந்து கோஹோவுக்குப் போட்ட முள்ளையெல்லாம் கவ்வும். வழிகாட்டிகள் முகம் சுளிப்பார்கள். குழந்தைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

கிங் சால்மன் ஆசையோடு போகாதீர்கள். 1985 மே மாதம் இதே நதியில் பிடிபட்ட 97 பவுண்டு 4 அவுன்ஸ் கிங்தான் தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனை. அந்தக் காலம் போய்விட்டது. எண்ணிக்கை சரிந்து 2023, 2024, 2025 ஆண்டுகளில் கீனாயில் கிங் பிடிப்பையே மூடினார்கள். பழைய விளம்பரப் படத்தில் ராட்சத கிங்கைத் தூக்கிப் பிடித்து நிற்கும் நிறுவனம் இன்று எதை விற்கிறது என்று விசாரித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

சாக்கை: வழிகாட்டி ஏன் அவ்வளவு தேவையில்லை

சாக்கை கடலில் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்று வளர்ந்தது. நதிக்குள் வந்தபின் இரை எடுப்பதை நிறுத்திவிடும். ஆகவே அழகான ஃப்ளையைக் கண்டு மயங்கிக் கவ்வும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். நடப்பது வேறு. மீன் வாயைத் திறந்து மூடியபடி எதிர்நீச்சலிடும். குறுக்கே வரும் தங்கூசி திறந்த வாய்க்குள் நுழைந்து சறுக்கும், கடைசியில் முள் வாயின் வெளி ஓரத்தில் வந்து குத்தும். உள்ளூரில் இதைப் பல் துலக்கும் நூலோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். பொருத்தமான ஒப்பீடுதான்.

8 எண் ராடு (எண் கூடக் கூட ராடு வலுவானது), 20 முதல் 25 பவுண்டு தாங்கும் தங்கூசி. ஈயத்துக்கும் ஃப்ளைக்கும் இடையே மூன்று முதல் ஐந்தடி. ரஷ்யன் நதியிலும் அது கலக்கும் பகுதியிலும் சாக்கை பருவத்தில் ஈயம் ஃப்ளையிலிருந்து குறைந்தது 18 அங்குலம், அதாவது சுமார் 45 செ.மீ. மேலே இருக்க வேண்டும்; முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடைவெளி 3/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒற்றை முள், இரை கூடாது. பெரிய முள்ளால் உடம்பில் குத்தி இழுப்பதைத் தடுக்கத்தான் இந்த அளவு.

முழங்கால் ஆழம் வரை இறங்கி நில்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சாக்கை வேகம் குறைந்த கரையோரமாகத்தான் ஏறும். இடுப்பளவு இறங்கி நிற்பவர் மீன் போகும் பாதையில் தாமே நின்றுகொண்டு எதிரே வீசிக்கொண்டிருப்பார். புதிதாய் வருபவர் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். நூலைக் கொஞ்சம் நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, ராடு நீளத்தோடு பத்துப் பன்னிரண்டு அடி மட்டும் வெளியே விட்டு வீசுங்கள். ஈயம் அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும், விரலில் 'டிக்... டிக்...' என்று தெரியும். விடாமல் கல்லில் மாட்டினால் ஈயம் அதிகம். டிக் ஒன்றுமே வராமல் வழுக்கிப் போனால் குறைவு, ஒரு துண்டு கூட்டுங்கள். வாய் உயரத்தில் நூல் போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடு. நூல் நீரோட்டத்தோடு நேர் கீழே போய் முடியும் கணத்தில் ராடைக் கரைப்பக்கமாகத் தாழ்வாக இழுங்கள். மேலே தூக்கினால் மீன் இல்லாதபோது ஈயக் குண்டு முகத்தை நோக்கிப் பறந்து வரும். அதனால்தான் கண்ணாடி இல்லாமல் அங்கே யாரும் நிற்கக் கூடாது. வெயில் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

வாலிலோ முதுகிலோ மாட்டியதை வைத்துக்கொள்ள முடியாது, உடனே விட வேண்டும். அது பேய்போல ஓடும்; போராடி நேரத்தை வீணாக்காமல் ராடை மீனை நோக்கி நீட்டி, ரீலை இறுகப் பிடித்து நூலை அறுத்துவிடுவது நல்லது. பக்கத்தில் பத்துப் பேரின் நூலைச் சுற்றிக்கொண்டு ஓட விட்டால் கிடைக்கும் வசவு தனி.

நாள் வரம்பு வழக்கமாக மூன்று. வரத்து நன்றாக இருந்தால் அவசர உத்தரவு போட்டுக் கூட்டுவார்கள், மோசமானால் மூடுவார்கள். இந்த உத்தரவு இரண்டு நாள் முன்னறிவிப்பில்கூட வரும். வரத்து நல்ல நாளில் மூன்று மீன் ஒன்றிரண்டு மணி நேர வேலை. ரஷ்யன் நதியோரம் நடைபாதை உண்டு. கீனாயைக் கடக்க நீரோட்டத்தின் விசையிலேயே கம்பிவடத்தைப் பிடித்து ஊர்ந்து போகும் படகுச் சேவை இருக்கிறது. காரை நிறுத்தக் கட்டணம், படகுக்குச் சீட்டு, வாடகைக்கு ராடும் நீர்புகா உடையும்: வழிகாட்டிப் பயணத்தின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது. மேலே சொன்ன முறையை ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தினால் ஒரு மணி நேரத்தில் கை படியும்.

அப்படியானால் சாக்கை பயணத்தில் வழிகாட்டி என்னதான் தருகிறார்? படகால் மட்டும் சேரக்கூடிய நடுத்திட்டு. கூட்டம் இல்லாத கற்படுகையில் உங்களை இறக்கி, ஈயத்தைச் சரிபார்த்து, வலையோடு நின்று, கடைசியில் மீனைச் சுத்தமும் செய்து கொடுப்பார். வயதானவரோ சிறுவரோ கூட இருந்தால் அதற்காகவே கொடுக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு அரை நாள், அதன் பிறகு சொந்தக் காலில்.

ட்ரௌட்: பணம் எங்கே போகிறது

ட்ரௌட்டுக்கு வந்தால் கதை தலைகீழ். மேல்பகுதியில் ட்ரௌட் இருக்கும் இடமெல்லாம் நடந்து சேரக்கூடியதல்ல. சேர்ந்தாலும் கரையிலிருந்து வீசும் நூல் நீரோட்டத்தில் சில விநாடிகளில் இழுபட்டுவிடும். படகு நீரின் வேகத்திலேயே மிதந்து கூட வந்தால் அதே நூல் நூறு மீட்டருக்கு இழுபடாமல் வரும். துடுப்பு பிடிப்பவர் படகைத் தக்கைக்கு இணையாக வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது. எட்டு மணி நேரம் செய்வதற்குத் தோள் வேண்டும். துடுப்பு சரியாகப் போடத் தெரியாத வழிகாட்டி பேச்சில் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் பயனில்லை. கிளம்பிய பத்து நிமிடத்தில் கவனியுங்கள்: தக்கை படகைவிட்டு முன்னே ஓடிக்கொண்டே இருந்தாலோ பின்தங்கிக்கொண்டே இருந்தாலோ, உங்கள் மீன் எண்ணிக்கை அங்கேயே பாதியாகிவிட்டது.

சினைக் காலத்துக் கட்டுமானத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள், நிறையப் புரியும். 6 அல்லது 7 எண் ராடு, மிதக்கும் நூல், அதன் முனையில் கட்டும் மெல்லிய ஒன்பதடி லீடர், மேலே பட்டாணி அளவுக்குப் பெரிதாகத் தெரியும் தக்கை. தக்கையிலிருந்து முள் வரை உள்ள நீளம் தண்ணீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. பாசிமணி ஒன்று, அது சாக்கை சினையைப் போலவென்றால் 6 முதல் 8 மி.மீ., கிங் சினையைப் போலவென்றால் 10 மி.மீ. பல்குச்சித் துண்டை மணியின் துளையில் செருகி நூலில் இறுக்கி, மிச்சத்தை நறுக்கிவிட்டிருப்பார்கள். மணிக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்குள் வெறும் ஒற்றை முள். அந்த இரண்டு அங்குலம் சட்டம்: மணி முள்ளிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் நிலையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நூலில் தடையின்றி ஓட வேண்டும். அதில் மீனுக்கும் நன்மை இருக்கிறது. ட்ரௌட் மணியைக் கவ்வி, போலி என்று உணர்ந்து துப்பும்போது முள் வாயோரத்தில் மாட்டும். விழுங்கிச் செவுளைக் கிழிப்பது குறைவு. இடைவெளி கூடினால் கண்ணிலும் வயிற்றிலும் குத்தும். மூன்று விரற்கடைக்கு மேல் விட்டுக் கட்டும் வழிகாட்டியிடம் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை.

மணியின் நிறத்தில் வழிகாட்டிகள் காட்டும் அக்கறை முதலில் கிறுக்குத்தனமாகத் தோன்றும். நகப்பூச்சை வாங்கித் தாமே பூசி, ஒரு டப்பா நிறைய இருபது முப்பது சாயல் வைத்திருப்பார்கள். அது கிறுக்கல்ல. புதிதாக விழுந்த சினை கண்ணாடிபோல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில நாள் தண்ணீரில் கிடந்தால் பால் கலந்ததுபோல வெளுக்கும். ஆகஸ்டில் பளிச்சென்றதும் செப்டம்பரில் வெளிறியதும் எடுப்பது அதனால்தான். இருபது நிமிடம் ஒன்றும் கவ்வாவிட்டால் நல்ல வழிகாட்டி நிறத்தை மாற்றுவதற்கு முன் ஈயத்தைக் கூட்டுவார், ஆழத்தை மாற்றுவார். நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பங்குக்கு வேலை இரண்டே. நூல் தண்ணீரில் விழுந்ததும் அதன் நடுத்தொய்வை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கிப் போடுங்கள்; தக்கை நகராமல் நூல் மட்டும் நகர வேண்டும். தக்கை நீரைக் கிழித்துக்கொண்டு வால்போல் அலை விட்டால் மணி இழுபடுகிறது என்று பொருள், எந்த ட்ரௌட்டும் தொடாது. அடுத்து, தக்கை சந்தேகப்படும்படி லேசாகத் தயங்கினாலும் ராடை நீரோட்டம் போகும் திசைக்குத் தாழ்வாக வீசிச் சுண்டுங்கள். நேர்மேலே தூக்கினால் முள் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கல்லா மீனா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அது மீனாகத்தான் இருந்திருக்கும், போயும் இருக்கும்.

செப்டம்பரில் இன்னொரு இரை சேரும். முட்டையிட்டு இறந்த சால்மனின் சதை துணுக்குத் துணுக்காய் மிதந்து வரும். முயல் தோல் வாரில் கட்டிய வெளிறிய இளஞ்சிவப்பு ஃப்ளை அதற்குப் போலி. பெரிய மீன் இதற்குத்தான் அதிகம் வரும் என்பது பலரின் அனுபவம். கேட்டால்தான் எடுத்துக் கட்டுவார்கள், கேளுங்கள்.

இது ஃப்ளை ஃபிஷிங்தானா என்று மூக்கைச் சுருக்குபவர்கள் உண்டு. பாசிமணி, ஈயம், தக்கை: நூலை வளையமாகச் சுழற்றி ஈயைத் தண்ணீரில் மெத்தென்று இறக்கும் கலைக்கு இங்கே இடமில்லை. பிடிப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியும் இல்லை. விளம்பரத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்று போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் மறைப்பதுதான் குறை. சுழற்றி வீசப் பழகியவர் ஏமாறுவார். பழகாதவருக்கோ இது வரப்பிரசாதம், பத்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டு மதியத்துக்குள் மீன் பார்த்துவிடலாம்.

மேல்பகுதியில் ரெயின்போவை வைத்துக்கொள்ள அனுமதி நாளுக்கு ஒன்று, அதுவும் 16 அங்குலத்துக்குக் குறைந்தது. பெரும்பாலான படகுகளில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். ரப்பர் வலை, முள் முனையின் பின்னுள்ள எதிர்க்கூர் நசுக்கப்பட்டது, படம் எடுக்கும்வரை மீன் தண்ணீருக்குள்: இவை மூன்றும் இல்லாத படகைத் தவிர்க்கவும். கரையில் இறங்கும்போது சரளையில் மற்ற இடத்தைவிட வெளிறி, கழுவிவிட்டதுபோல் ஒரு திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள். கீழே சினை இருக்கிறது.

எங்கே ஏமாற்றம் வரும்

ஒரு படகில் நான்கு பேர் என்பது முதல் பொறி. ட்ரௌட் மிதவையில் ஒரே பக்கம் வீச வேண்டியிருக்கும். நான்கு நூல் என்றால் முதல் ஒரு மணி நேரம் சிக்கெடுப்பதிலேயே போகும். இரண்டு பேர் உத்தமம், மூன்று பேர் சமாளிக்கலாம். நான்கு பேர் குழுவாகப் போனால் இரண்டு படகு கேளுங்கள். ஒரு நிறுவனம் தர மறுத்தால் அடுத்ததைப் பாருங்கள்.

அரை நாள் என்றால் எத்தனை மணி நேரம் தண்ணீரில் என்று கேளுங்கள். உடை மாற்றுவது, வண்டியில் படகைக் கொண்டு போவது, காரை இறங்கும் இடத்தில் விடுவது எல்லாம் சேர்த்து ஐந்து மணி என்றால், முள் தண்ணீரில் இருக்கும் நேரம் மூன்றரைதான். அலாஸ்கா ஜூலையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே மாலை அரை நாள் காலையைவிட மோசமில்லை. கூட்டமும் கொஞ்சம் கலைந்திருக்கும்.

வாடகை நீர்புகா உடையில் ஓட்டை இருப்பது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான புகார். கீனாய்த் தண்ணீர் கோடையிலும் பனியாற்று நீர்தான். கால் நனைந்தால் இரண்டு மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும். வண்டியிலேயே உள்ளே டார்ச்சை அடித்து முட்டி, கவட்டுத் தையல்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உடைக்குள் தண்ணீர் புகுவதைத் தாமதப்படுத்துவது அதுதான்.

அவசர உத்தரவு வந்து சால்மன் மூடப்பட்டால் பணம் திரும்புமா, ட்ரௌட் பயணமாக மாறுமா? முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். கீனாயில் தொழில் செய்யும் வழிகாட்டிக்கு மாநிலப் பூங்காத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கென்று உள்ளூர்க் கல்லூரியில் நடக்கும் வழிகாட்டி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார்கள். கேட்டதற்கு முகம் மாறினால் அதுவே பதில்.

கரடியும் மீனும்

ரஷ்யன் நதி பழுப்புக் கரடிகளின் சாப்பாட்டு மேசை. பையையும் பிடித்த மீனையும் கைக்கெட்டும் தூரத்தை விட்டு வைக்காதீர்கள். கரையில் விட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றால் அது கரடிக்கு விட்டதாகவே கொள்ள வேண்டும். கரடி வந்தால் தூண்டிலில் இருக்கும் மீனை அறுத்து விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். மீன் துள்ளும் சத்தமே அதை இழுக்கும். சுத்தம் செய்த எலும்பையும் தலையையும் முழுதாகப் போட்டால் கரையோரம் ஒதுங்கிக் கிடந்து கரடியை அழைக்கும். சிறு துண்டுகளாக வெட்டி வேகமான நீரோட்டத்தில் எறிவது பழக்கம். முழுதாகவே எடுத்துப் போகச் சொல்லும் இடங்களும் உண்டு, பலகையைப் படியுங்கள்.

வைத்துக்கொள்ளும் சாக்கையைத் தலையில் ஒரு தட்டு தட்டி, உடனே செவுளை அறுத்து ஓடும் நீரில் இரத்தம் வடியவிடுங்கள். இதைச் செய்யாமல் மதியம்வரை கயிற்றில் கட்டி வைத்த மீனின் சதை மங்கி, வயிற்றோரம் குழையும். சாக்கை சராசரி ஆறு பவுண்டு, அதாவது 2.7 கிலோ. மூன்று மீனிலிருந்து ஒரு குடும்பத்துக்குப் பல வேளைக்கான துண்டு கிடைக்கும். பக்கத்து ஊர்களில் காற்றை உறிஞ்சிப் பொட்டலமிட்டு உறையவைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. பருவ உச்சத்தில் ஒரு நாளுக்கு மேல் எடுப்பார்கள், விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாள் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உறையாமலே திரும்பி வரும். பனிப்பெட்டியோடு சேர்த்து 50 பவுண்டைத் தாண்டினால் விமானத்தில் கூடுதல் கட்டணம், ஆகவே நாற்பத்தைந்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியின் எடை நான்கைந்து பவுண்டு வரும் என்பதைக் கடைக்காரர் சில சமயம் கணக்கில் எடுக்க மாட்டார்.